சிவப்புக் கோடும் நீலக் கோடும்



ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன். ஓர் எஞ்சின் பூட்டிய சிறு விமானம் ஒன்றும், இரண்டு எஞ்சின்கள் பூட்டிய சிறு விமானம் ஒன்றும் உங்கள் முன் நிற்கின்றன. எதில் ஏறிச் செல்ல விரும்புவீர்கள்? பெரும்பாலோர் இரண்டாவதையே சுட்டுவீர்கள். காரணத்தையும் உடனே சொல்வீர்கள்: "ஒன்று நின்றுவிட்டால் மற்றொன்று இருக்கிறதே!" இந்த விடை தவறானதன்று, ஆயினும் பாதி விடைதான். அந்த மற்றொன்று நம்மைக் காப்பாற்ற வேண்டுமாயின் எத்தனை நிபந்தனைகள் நிறைவேற வேண்டும் என்பதே இன்றைய பேச்சின் பொருள். அந்த நிபந்தனைகளை அறிந்த விமானிக்கு இரண்டாவது எஞ்சின் உயிர்த்துணை. அறியாதவனை அதே எஞ்சின் கவிழ்த்தும் விடும்.

நான் விமானம் ஓட்டியவன் அல்லன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளிகளில் கணிதமும் பௌதிகமும் கற்பித்து ஓய்வு பெற்றவன். விமானங்களைப் பற்றிய நூல்களையும் விதிகளையும் படிக்கத் தொடங்கியபோது, நாம் கரும்பலகையில் எழுதி அழித்த பாடங்களே அங்கு வேலை செய்வதைக் கண்டேன். கூட்டல் கழித்தலும், நெம்புகோல் தத்துவமும், வர்க்கமூலமும் அறிந்த எவரும் நான் சொல்லப்போவதைப் புரிந்துகொள்ளலாம்.

நான்கு முதல் பத்துப் பேர் வரை அமரக்கூடியது; ஒவ்வோர் இறக்கையிலும் ஓர் எஞ்சின்; அதன் முன்னே சுழலும் புரொப்பெல்லர். இதுவே இரட்டை எஞ்சின் இலகு விமானத்தின் பொது உருவம். 1950-களில் வெளிவந்த பைப்பர் அப்பாச்சி, செஸ்னா 310 ஆகியவையும், 1961-இல் தோன்றிய பீச்கிராஃப்ட் பேரன் குடும்பமும், இந்த நூற்றாண்டில் வந்த டயமண்ட் டி.ஏ. 42-வும் இந்த இனத்தைச் சேர்ந்தவை. இவற்றின் எல்லைகளை இரு வகையாகப் பிரிக்கலாம். ஒன்று, உடற்கட்டு தாங்கும் எல்லை. மற்றொன்று, பறக்கும்போது மீறக்கூடாத எல்லை.

முதலில் உடற்கட்டைப் பார்ப்போம். நேராகவும் சமமட்டமாகவும் பறக்கும் விமானத்தில் இறக்கைகள் சுமப்பது விமானத்தின் எடையை மட்டுமே. ஆனால் விமானம் ஒரு பக்கமாகச் சாய்ந்து திரும்பும்போது, இறக்கைகளின் தூக்கு விசையும் உடன் சாய்கிறது. அதன் செங்குத்துப் பகுதி மட்டுமே எடையைத் தாங்க உதவும். ஆகவே மொத்த விசை பெருக வேண்டும். முக்கோண கணிதம் பயில்வோர் 60 பாகையின் கோசைன் அரை என்பதை நினைவுகூர்க. உயரம் குறையாமல் 60 பாகை சாய்ந்து திரும்பும் விமானத்தின் இறக்கைகள் அதன் எடையைப் போல் இரண்டு மடங்கைச் சுமக்கின்றன. 75 பாகை சாய்ந்தால் சுமை ஏறக்குறைய நான்கு மடங்காகிவிடும்.

இத்தனை மடங்கு தாங்க வேண்டும் என்பதற்குச் சட்டத்திலே ஒரு கணக்கு உண்டு. அமெரிக்காவில் 1965 முதல் 2017 வரை நடைமுறையிலிருந்த விதியைச் சொல்கிறேன்; அவ்விதியின்படி சான்று பெற்ற விமானங்கள் பல இன்றும் பறக்கின்றன. விமானத்தின் எடையை ராத்தலில் எடுத்துக்கொண்டு, அதனோடு 10,000-ஐக் கூட்டுங்கள். வரும் தொகையால் 24,000-ஐ வகுத்து, ஈவோடு 2.1-ஐச் சேருங்கள். 5,000 ராத்தல் விமானத்துக்கு விடை 3.7. சாதாரண வகை விமானம் அத்தனை மடங்கு எடையைத் தாங்கினால் போதும். எடை குறைந்தால் இந்த எண் உயரும், ஆனால் 3.8-க்கு மேல் சட்டம் வற்புறுத்துவதில்லை. இந்த எல்லைவரை இறக்கை வளையலாம். ஆனால் சுமை நீங்கியதும் பழைய உருவத்துக்கே திரும்பிவிட வேண்டும். அதற்கும் மேல், ஒன்றரை மடங்கு சுமையில் மூன்று விநாடி நேரமாவது அது முறியாமல் நிற்க வேண்டும்.

"அப்படியானால் இன்னும் பாதி கையிருப்பு இருக்கிறதே" என்று எண்ணக்கூடாது. அந்தப் பாதி, உலோகத்தில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் குறைக்கும், செய்பவர் கையில் நேரும் சிறு வேறுபாட்டுக்கும், எதிர்பாராத சூறைக்காற்றுக்கும் ஒதுக்கிவைத்தது. வேறொருவர் பெயரில் வங்கியில் கிடக்கும் பணத்தை நம் பணமாக எண்ணிச் செலவழிக்கலாமா?

காற்று கொந்தளிக்கும்போது விமானி வேகத்தைக் குறைக்கிறார். இதன் காரணம் அழகானது. இறக்கை காற்றை மிகச் செங்குத்தாக எதிர்கொண்டால், அதன்மேல் ஒழுங்காக ஓடும் காற்று கலைந்து, தூக்கு விசை அறுந்துவிடும். ஆங்கிலத்தில் இதை ஸ்டால் என்பார்கள். குறைந்த வேகத்தில், இறக்கை முறியும் அளவுக்குச் சுமை ஏறுமுன்பே இந்த நிலை வந்து சுமையைக் கழற்றிவிடுகிறது. கொதிகலனின் பாதுகாப்பு வால்வைப் போல. எந்த வேகம்வரை இந்தப் பாதுகாப்பு கிட்டும்? ஸ்டால் ஏற்படும் வேகத்தைத் தாங்கும் மடங்கின் வர்க்கமூலத்தால் பெருக்க வேண்டும். ஸ்டால் வேகம் மணிக்கு 70 கடல் மைல், தாங்கும் மடங்கு 3.7 எனில் விடை ஏறத்தாழ 135. இங்கே ஒரு வியப்பு உண்டு. ஆளும் பெட்டியும் குறைந்த விமானத்தின் ஸ்டால் வேகம் குறைவு. ஆகவே இந்தக் காப்பு வேகமும் குறைவு. பாரம் ஏற்றிய விமானத்தைவிட வெறும் விமானமே கொந்தளிப்பில் இன்னும் மெதுவாகச் செல்ல வேண்டும்.

பாரத்தைப் பற்றி மற்றொரு நுட்பம். மொத்த எடை அளவுக்குள் இருந்தால் போதாது; அது எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். பள்ளிக்கூடத்து நீள பெஞ்சு ஒன்றை இரு பையன்கள் இரு முனைகளிலும் பற்றித் தூக்கி நிற்கட்டும். நடுவிலே ஒரு சிறுவன் உட்கார்ந்தால் பலகை நடுவில் வளைகிறது. அதே சிறுவன் தூக்குபவன் கையருகே உட்கார்ந்தால் பலகை வளைவதே இல்லை. விமானத்தின் தூக்கு விசை இறக்கைகளில். பிரயாணிகளும் பெட்டிகளும் நடு உடலில். பெட்ரோலோ பெரும்பாலும் இறக்கைகளுக்குள். ஆகவே பெட்ரோல் இறக்கையின் வளைவைத் தணிக்கிறது. பிரயாணிகளின் எடை வளைவைக் கூட்டுகிறது. இதனால் பல இரட்டை எஞ்சின் விமானங்களுக்கு "பெட்ரோல் இல்லா எடை" என்று தனியாக ஓர் எல்லை வகுத்திருக்கிறார்கள். அந்த அளவுக்கு மேல் ஏற்றும் ஒவ்வொரு ராத்தலும் இறக்கைத் தொட்டியிலுள்ள பெட்ரோலாகவே இருக்க வேண்டும். "பெட்ரோலைக் குறைத்துவிட்டு இன்னும் ஓர் ஆளை ஏற்றிக்கொள்வோம், மொத்தம் ஒன்றுதானே" என்று பேருந்துக் கணக்குப் போடுபவன் இறக்கையின் அடிவேரை வதைக்கிறான்.

இனி, ஒரு முறை அல்ல, பல்லாயிரம் முறை சிறுகச் சிறுக வரும் சுமை. ஒரு கம்பியை ஒரு தரம் வளைத்தால் ஒடிவதில்லை. திரும்பத் திரும்ப வளைத்தால் ஒடிந்துவிடுகிறது. இதை உலோகக் களைப்பு என்பர். டி ஹாவிலண்ட் டவ் என்பது 1945-இல் முதன்முதல் பறந்த பிரிட்டிஷ் இரட்டை எஞ்சின் விமானம்; டெவன் என்ற பெயரில் நம் இந்திய விமானப் படையிலும் பணியாற்றியது. 1951 அக்டோபர் 15-ஆம் தேதி மேற்கு ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரிலிருந்து கால்கூர்லிக்குச் சென்றுகொண்டிருந்த டவ் விமானம் ஒன்றின் இறக்கை, பறக்கும்போதே பிரிந்து போயிற்று. அதிலிருந்த ஏழு பேரும் மாண்டனர். இறக்கையைத் தாங்கும் முதன்மை உத்திரத்தின் அடிப்பகுதியில் களைப்பால் உண்டான வெடிப்பே காரணம் என்று ஆராய்ச்சியில் தெரிந்தது. எல்லையை ஒருநாளும் மீறாத உலோகத்துக்கும் ஆயுள் உண்டு என்பதை இத்தகைய விபத்துக்கள் உலகுக்குக் கற்பித்தன. பறந்த மணிகளை எண்ணி, குறித்த காலத்தில் உத்திரத்தைச் சோதிப்பதும் மாற்றுவதும் விமானப் பராமரிப்பின் நியதியாயின.

இப்போது எஞ்சின்களுக்கு வருவோம். இரண்டு எஞ்சின்களில் ஒன்று நின்றால் சக்தியில் பாதி போகிறது. மேலே ஏறும் திறனிலும் பாதிதான் போகுமா? பீச்கிராஃப்ட் பேரன் 58 என்னும் விமானத்தை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் 285 குதிரைச் சக்தி கொண்ட இரண்டு எஞ்சின்கள். முழு எடை 5,400 ராத்தல். கடல் மட்டத்தில் இரண்டும் ஓடும்போது அது நிமிஷத்துக்கு ஏறக்குறைய 1,700 அடி ஏறுகிறது. ஒன்று நின்றால் 400 அடிகூட ஏறுவதில்லை. பாதி சக்தி போக, ஏறும் திறனில் முக்கால் பங்குக்கு மேல் போய்விட்டது!

இதில் மாயம் ஒன்றுமில்லை, வீட்டுக் கணக்குத்தான். ஒரு குடும்பத்தில் அண்ணனும் தம்பியும் ஆளுக்கு 100 ரூபாய் கொண்டுவருகிறார்கள். குடும்பச் செலவு 80 ரூபாய், மிச்சம் 120. தம்பிக்கு வேலை போய்விட்டது. வரவு 100, செலவு அதே 80, மிச்சம் 20. வரவு பாதியாயிற்று, மிச்சமோ ஆறில் ஒன்றாயிற்று. விமானம் ஏறுவது மிச்சத்தைக் கொண்டே. கீழே விழாமல் சமமாகப் பறப்பதற்கே ஒரு பெரும் சக்தி செலவாகிறது. அதற்கு மேல் எஞ்சுவதே விமானத்தை உயர்த்தும். மேலும், தம்பி சும்மா இருக்கவில்லை; நோயாளியாகிப் படுத்து மருந்துச் செலவும் வைத்துவிட்டான் என்று கொள்ளுங்கள். நின்ற எஞ்சினின் புரொப்பெல்லர் எதிர்க்காற்றில் தானாகச் சுழன்று விமானத்தைப் பின்னுக்கு இழுக்கிறது. ஒரு பக்கமாகத் திரும்பும் விமானத்தை நேராக்கச் சுக்கானைத் திருப்புவதாலும் காற்றுத் தடை கூடுகிறது. எஞ்சியிருந்த 20 ரூபாயும் இவ்வாறு கரைகிறது. அதனால்தான் விமானி முதல் வேலையாகச் சக்கரங்களை உள்ளே இழுத்து, நின்ற புரொப்பெல்லரின் அலகுகளைக் கத்தி முனைபோல் காற்றுக்கு நேராகத் திருப்புகிறார்.

இன்னொன்றையும் சொன்னால் வியப்பீர்கள். 6,000 ராத்தலுக்கு மேற்படாத எடையும், 61 கடல் மைலுக்கு மேற்படாத ஸ்டால் வேகமும் உடைய இரட்டை எஞ்சின் விமானம், ஓர் எஞ்சினில் மேலே ஏறித்தான் ஆக வேண்டும் என்று நான் முன்னே சொன்ன அந்த விதி கேட்கவே இல்லை. 5,000 அடி உயரத்தில் அது எவ்வளவு ஏறுகிறது அல்லது எவ்வளவு இறங்குகிறது என்று அளந்து குறித்தால் போதும் என்றது. வெயில் காய்ந்து காற்று லேசாகும்போதும், விமானநிலையம் மேட்டு நிலத்தில் இருக்கும்போதும், எஞ்சினும் புரொப்பெல்லரும் இறக்கையும் ஒருங்கே பலம் குன்றுகின்றன. கோடை நண்பகலில், முழு பாரத்தோடு, மேட்டு நிலத்தில், ஓர் எஞ்சினில் அந்த விமானம் மெல்ல இறங்கிக்கொண்டே போகலாம். அப்போது இரண்டாவது எஞ்சின் செய்வதெல்லாம் இறங்கும் இடத்தைச் சற்றுத் தள்ளிப்போடுவதே. சமமட்டத்தில் நிதானமாகப் பறக்கையில் எஞ்சின் நின்றால் விமானிக்கு அவகாசம் உண்டு. தரையைவிட்டு எழும்பிய சில விநாடிகளில் நின்றால் அவகாசம் இல்லை. ஆகவே, "இந்த இடத்துக்கு முன் எஞ்சின் நின்றால் ஓடுபாதையிலேயே நிறுத்திவிடுவேன், அதன் பின் நின்றால் இன்னது செய்வேன்" என்ற முடிவை நல்ல விமானி ஓடத் தொடங்கு முன்பே எடுத்துவிடுகிறார்.

எல்லாவற்றிலும் கொடிய எல்லை இனிமேல்தான் வருகிறது. இரட்டை மாட்டு வண்டியில் ஒரு மாடு படுத்துவிட்டால், மற்ற மாடு இழுக்க இழுக்க வண்டி ஒரு பக்கமாகத் திரும்பும் அன்றோ? இறக்கையிலுள்ள எஞ்சின் விமானத்தின் நடுவிலிருந்து தள்ளி இருப்பதால் நெம்புகோல்போல் வேலை செய்து, மூக்கை நின்ற எஞ்சினின் பக்கம் திருப்புகிறது. அதைத் தடுப்பது வால் சுக்கான். ஆனால் ஓடாத படகின் சுக்கானுக்கு வலிமை ஏது? சுக்கானின் விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் பாதியானால் விசை கால்பங்காகும். ஆகவே ஏதோ ஒரு வேகத்துக்குக் கீழே, சுக்கானை முழுதும் மிதித்தாலும் போதாமல், விமானம் திரும்பிப் புரளத் தொடங்கும். இதுவே கட்டுப்பாட்டின் கடைசி வேகம். வேகமானியில் இதைச் சிவப்புக் கோடாகக் குறித்திருப்பார்கள். ஓர் எஞ்சினில் மிக நன்றாக ஏறத்தக்க வேகத்தை நீலக் கோடாகக் குறித்திருப்பார்கள். அதே முகப்பில் மேல்கோடியில் இன்னொரு சிவப்புக் கோடு உண்டு. அது ஒருபோதும் தாண்டக்கூடாத உச்ச வேகம். அதற்குச் சற்றுக் கீழே மஞ்சள் வளைவு. அமைதியான காற்றில் மட்டுமே அங்கு செல்லலாம். நான் இதுவரை சொன்னவற்றில் பெரும்பகுதி, உள்ளங்கையளவுள்ள அந்த ஒரு முகப்பில் நிறங்களாக எழுதப்பட்டிருக்கிறது.

எஞ்சின் நின்று, கீழே தரை நெருங்கும்போது மனித இயல்பு என்ன செய்யும்? மூக்கை உயர்த்து என்று சொல்லும். நல்ல எஞ்சினுக்கு முழுச் சக்தியும் கொடு என்று சொல்லும். மூக்கை உயர்த்தினால் வேகம் குறைகிறது. வேகம் சிவப்புக் கோட்டைத் தொட்டால் நல்ல எஞ்சினே விமானத்தைக் கவிழ்க்கிறது. அப்போது பிழைக்க வழி, மனம் சொல்வதற்கு நேர் எதிரானது: மூக்கைத் தாழ்த்தி, ஓடுகின்ற நல்ல எஞ்சினின் சக்தியையே குறைக்க வேண்டும். முன்கூட்டிப் பயிலாதவனுடைய கை இதைச் செய்யாது.

பயில்வதிலும் அபாயம் இருந்தது. 1963-இல் வெளிவந்த பைப்பர் ட்வின் கோமான்ச்சி என்ற சிறு விமானத்தில் பயிற்சி பெற்றவர் பலர். பயிற்சிக்காக ஓர் எஞ்சினின் சக்தியை வேண்டுமென்றே தணித்து, கட்டுப்பாட்டின் கடைசி வேகத்தைத் தொட்டுக் காட்டும்போது, விமானம் ஸ்டால் அடைந்து சுழன்று விழுந்த விபத்துக்கள் பல நேர்ந்தன. உயரம் போகப் போக எஞ்சினின் பலம் குறைவதால், அது மூக்கைத் திருப்பும் விசையும் குறைகிறது. சிவப்புக் கோட்டு வேகம் கீழே இறங்குகிறது. ஆனால் வேகமானி காட்டும் ஸ்டால் வேகம் மாறுவதில்லை. இரண்டும் சந்திக்கும் உயரத்தில், கட்டுப்பாடும் தூக்கு விசையும் ஒரே கணத்தில் போகின்றன. பின்னர் அந்த விமானத்தின் கடைசி வேகத்தை மணிக்கு 80 மைலிலிருந்து 90 மைலாக உயர்த்திக் குறித்தார்கள். 1970-இல் இரு புரொப்பெல்லர்களும் எதிரெதிர்த் திசையில் சுழலும் புது வடிவமும் வந்தது. இரண்டும் ஒரே திசையில் சுழன்றால் ஒரு பக்கத்து எஞ்சின் நிற்பது மற்றதைவிடக் கொடியதாகும். எதிரெதிராகச் சுழன்றால் அந்த வேற்றுமை நீங்கும்.

மாணவர்களே, இந்தக் கோடுகளும் எண்களும் விமானிகளுக்கு மட்டும் உரியவையா? உங்களில் சிலர் விமானிகளாகலாம். சிலர் பாலங்களும் கட்டடங்களும் எழுப்பலாம். சிலர் நோயாளிக்கு மருந்தளவு குறிக்கலாம். எல்லாத் தொழிலிலும் எங்கோ ஒரு சிவப்புக் கோடு இருக்கிறது. அதை வரைந்தவர்கள் கோழைகள் அல்லர். அளந்து பார்த்தவர்கள், அளக்கப் புகுந்து உயிர் இழந்தவர்களும் அவர்களிடையே உண்டு. ஆகையால் எல்லை என்பதை உங்கள் துணிவுக்கு இட்ட தடையாகக் கருதாதீர்கள். அது இன்ன அளவு, இன்ன காரணத்தால் வந்தது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 3.7 என்ற எண்ணை மனப்பாடம் செய்பவன் தேர்வில் எழுதிவிட்டு மறந்துவிடுவான். அந்தக் கணக்கைத் தானே போட்டுப் பார்த்தவனுக்கோ, கை நடுங்கும் நேரத்திலும் அது நினைவுக்கு வரும்.

இன்று மாலை வீட்டில் ஒரு காகிதத்தை எடுத்து, அண்ணன் தம்பி கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். செலவு 80-க்குப் பதில் 100 என்று வைத்துக்கொண்டால் மிச்சம் என்ன ஆகிறது என்றும் பாருங்கள். பாரம் மிகுந்த விமானத்தில் ஓர் எஞ்சின் நின்றால் என்ன நேரும் என்பதை அந்தக் காகிதமே உங்களுக்குச் சொல்லிவிடும்.